முப்பத்து மூன்று வயதில் பள்ளி வாங்கில் அமர்ந்தவர்

தவக்காலம் தொடங்கும்போதும், ஞான ஒடுக்கம் முடிந்து வீடு திரும்பும்போதும், புது வருடம் பிறக்கும்போதும் நாம் நல்ல பிரதிக்கினைகள் எடுக்கிறோம். சில நாட்கள் அவை உயிரோடு இருக்கும். பின்பு மெல்ல மெல்லத் தளர்ந்துவிடும். அடுத்த வருடம் அதே பிரதிக்கினையை மறுபடியும் எடுப்போம். இது எம்மில் அநேகருக்குப் பழகிப்போன அனுபவம். எமக்கு மனவுறுதி போதாது, அதனால்தான் இப்படி நடக்கிறது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம்.

மனவுறுதியில் எவருக்கும் குறையாத ஒரு மனிதரின் வரலாற்றைப் பார்த்தால் இந்த எண்ணம் முழுவதும் சரியல்ல என்பது விளங்கும். அவருக்கு உறுதி நிறைய இருந்தது. ஆனால் அந்த உறுதி தம்மை எங்கே இழுத்துச் செல்கிறது என்று நின்று பார்க்க அவர் நெடுங்காலம் அறியாதிருந்தார். அதை அறிந்துகொண்ட நாள் முதல் அவருடைய வாழ்வு வேறு வழியில் நடக்கத் தொடங்கியது. அவரே இயேசு சபையை நிறுவிய புனித லொயோலா இஞ்ஞாசியார். யூலை மாதம் 31ஆம் நாள் திருச்சபை அவரை நினைவுகூருகிறது.

அரண்மனையில் வளர்ந்த வாலிபர்

ஸ்பெயின் நாட்டின் வடக்கே, பாஸ்க் மக்கள் வாழும் மலைநாட்டில், அஸ்பெயித்தியா என்ற ஊருக்கு அண்மையில் லொயோலாக் கோட்டை வீடு இருக்கிறது. அங்கே 1491ஆம் ஆண்டில் ஒரு பெரிய குடும்பத்தின் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தவர் இனிகோ. இஞ்ஞாசியார் என்ற பெயர் பிற்காலத்திலேயே வழங்கலாயிற்று. தாயாரைச் சிறுவயதிலேயே இழந்த அவருக்குப் பாலூட்டி வளர்த்தவர் ஒரு கொல்லரின் மனைவி.

பதினைந்து வயதளவில் அவர் அரேவலோ நகருக்கு அனுப்பப்பட்டார். காஸ்தீல் அரசின் திறைசேரியைப் பொறுப்பேற்றிருந்த வெலாஸ்கெஸ் என்ற பிரபுவின் இல்லத்தில் அரசவைக்குரிய பழக்கங்களைக் கற்றார். அழகாக எழுதவும், வாள் வீசவும், பெண்களை மகிழ்விக்கப் பேசவும் பழகினார். வீண்பெருமையும் வீம்பும் கூடவே வளர்ந்தன. 1515ஆம் ஆண்டில், தவக்காலத்துக்கு முந்திய களியாட்ட நாட்களில், சொந்த ஊரில் நடந்த ஓர் அடிதடிக் குற்றத்துக்காக அவர்மீது வழக்கும் தொடரப்பட்டது. 1517இல் அவரை ஆதரித்த பிரபு அரச தயவை இழந்து இறந்துபோகவே, இனிகோ நவார் நாட்டின் அரசப் பிரதிநிதியாகிய நாஹெரா கோமகனிடம் சேவைக்குச் சேர்ந்தார்.

பாம்பலோனாவில் விழுந்த குண்டு

1521ஆம் ஆண்டு மே மாதத்தில் பிரெஞ்சுப் படை பாம்பலோனா நகரை முற்றுகையிட்டது. நகரம் பணிந்துவிட்டது. கோட்டையில் இருந்தோரும் எதிர்த்து நிற்பதில் பயனில்லை என்றே கருதினர். இனிகோ ஒருவரே போராட வேண்டும் என்று வாதாடி, தலைவனின் மனதை மாற்றினார். மே 20ஆம் நாள் பீரங்கிக் குண்டு ஒன்று அவருடைய வலது காலை நொறுக்கி, இடது காலையும் காயப்படுத்தியது. அவர் விழுந்ததும் கோட்டையும் பணிந்தது. பிரெஞ்சு வீரர் அவரை மரியாதையாக நடத்திச் சிகிச்சை அளித்து, பல்லக்குக் கட்டிலில் சொந்த வீட்டுக்கு அனுப்பிவைத்தனர்.

வீட்டிலே வைத்தியர்கள் கூடிப் பார்த்து, எலும்புகள் சரியாகப் பொருந்தவில்லை, மறுபடியும் உடைத்துச் சேர்க்க வேண்டும் என்றனர். மயக்க மருந்து இல்லாத காலம் அது. அவர் கைகளை இறுகப் பொத்திக்கொண்டதைத் தவிர வேறு ஓசை எழுப்பவில்லை. அதன்பின் அவரது நிலை மோசமாகி, இறுதித் தேவதிரவிய அனுமானங்களும் கொடுக்கப்பட்டன. புனித பேதுரு, புனித பவுல் திருநாளுக்கு முந்திய இரவில்தான் ஆபத்து விலகியது.

உயிர் பிழைத்தவர் தம் காலைப் பார்த்தார். முழங்காலின் கீழே ஓர் எலும்பு மேலெழுந்து துருத்திக்கொண்டிருந்தது. அக்காலப் பிரபுக்கள் அணியும் இறுக்கமான நீண்ட சப்பாத்தை இனி அணிய முடியாது என்று கண்டார். அந்த எலும்பை அறுத்துவிடும்படி அவரே வைத்தியர்களைக் கேட்டார். முன்பு பட்ட வேதனை எல்லாவற்றையும் விட இது பெரிதாயிருக்கும் என்று அவர்கள் எச்சரித்தும் அவர் பின்வாங்கவில்லை. எலும்பு அறுக்கப்பட்டது. குட்டையான காலை நீட்டுவதற்காகப் பல நாட்கள் கருவி கட்டி இழுத்தார்கள். ஆயினும் அவர் ஆயுள் முழுவதும் சிறிது நொண்டியே நடந்தார்.

இவ்வளவு மனவுறுதி நம்மில் எத்தனை பேருக்கு உண்டு? ஆனால் அது செலவிடப்பட்டது ஒரு சப்பாத்துக்காக. உறுதி வேறு, அந்த உறுதி எதற்காக என்று அறிவது வேறு என்பதை அவர் அப்போது உணரவில்லை.

படுக்கையில் கண்டறிந்த உண்மை

நீண்ட நாட்கள் படுத்திருந்த அவர், பொழுதுபோக்க வீரர்களின் சாகசக் கதைகளைக் கேட்டார். அந்த வீட்டில் அப்படியான நூல் ஒன்றும் இருக்கவில்லை. சாக்சனி நாட்டு லுடோல்ப் எழுதிய கிறிஸ்து நாதரின் சரித்திரமும், புனிதர்களின் வரலாறுகள் அடங்கிய ஒரு நூலுமே கிடைத்தன. வேறு வழியின்றி அவற்றை வாசித்தார்.

வாசிப்பதை நிறுத்திய வேளைகளில் அவருடைய மனம் இரண்டு திசைகளில் ஓடியது. ஓர் உயர்குலப் பெண்ணுக்காகத் தாம் செய்யப்போகும் வீரச்செயல்களை எண்ணி மூன்று நான்கு மணித்தியாலங்கள் தம்மை மறந்து கிடப்பார். வேறு சமயங்களில், புனித பிரான்சிஸ்குவும் புனித தோமினிக்குவும் செய்ததைத் தாமும் செய்தால் என்ன, வெறுங்காலோடு எருசலேமுக்குப் போனால் என்ன என்று எண்ணுவார். இரண்டு எண்ணங்களும் வரும்போது இனிமையாகவே இருந்தன. இதனால் இரண்டுக்கும் வேறுபாடு இருப்பதாக முதலில் அவருக்குத் தோன்றவில்லை.

ஒருநாள் அவருடைய கண் சற்றே திறந்தது. முதலாவது வகை எண்ணம் போனபின் உள்ளம் வறண்டு சலித்துப்போவதையும், இரண்டாவது வகை எண்ணம் போனபின்னும் உள்ளம் அமைதியாயும் மகிழ்ச்சியாயும் இருப்பதையும் அவர் கவனித்தார். ஓர் எண்ணத்தை அது வரும்போதுள்ள இனிமையைக் கொண்டு அளக்காமல், அது போனபின் விட்டுச்செல்வதைக் கொண்டு அளக்க வேண்டும் என்று கண்டுகொண்டார். இன்று உலகெங்கும் நடைபெறும் ஞான ஒடுக்கங்களுக்கு அடிப்படையாக உள்ள படிப்பினை, நோயாளி ஒருவர் படுக்கையில் கிடந்தபடி தம்மைத்தாமே கவனித்ததில் இருந்து பிறந்தது.

அந்நாட்களிலேயே அவர் எழுதவும் தொடங்கினார். தாம் வாசித்ததில் முக்கியமானவற்றை, கிறிஸ்துவின் வார்த்தைகளைச் சிவப்பு மையினாலும் தேவதாயின் வார்த்தைகளை நீல மையினாலும், ஏறக்குறைய 300 பக்கங்கள் வரை ஒரு கொப்பியில் எழுதிச் சேர்த்தார்.

மன்றேசாவின் இருள்

1522ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வீட்டைவிட்டுப் புறப்பட்ட இனிகோ, மொன்செராத் மலையில் உள்ள மாதா கோவிலை அடைந்தார். அங்கே பாவசங்கீர்த்தனம் செய்து, தம் உயர்ந்த உடைகளை ஓர் ஏழைக்குக் கொடுத்து, சாக்குத் துணியை உடுத்திக்கொண்டார். மங்கள வார்த்தைத் திருநாளுக்கு முந்திய இரவு முழுவதும் பீடத்தின் முன் விழித்திருந்து, தம் வாளையும் குத்துவாளையும் அங்கேயே காணிக்கையாக்கினார். விடிந்ததும் ஒருவர் பின்னால் ஓடிவந்து, அந்த உடைகள் உண்மையில் கொடுக்கப்பட்டவைதானா என்று விசாரித்தார். ஏழை அவற்றைத் திருடினான் என்று அவனைப் பிடித்துவிட்டார்கள். தம் நற்செயலினால் ஓர் ஏழைக்குத் துன்பம் வந்ததை எண்ணி இனிகோ கண்ணீர் விட்டார்.

அண்மையில் உள்ள மன்றேசா என்ற ஊரில் சில நாட்கள் தங்க எண்ணியவர் ஏறக்குறைய பதினொரு மாதங்கள் தங்கிவிட்டார். நாள்தோறும் ஏழு மணித்தியாலம் முழந்தாளில் நின்று செபித்தார். பிச்சை எடுத்து உண்டார். முன்பு தம் தலைமுடியின் அழகில் கவனமாயிருந்தவர், இப்போது முடியையும் நகங்களையும் வெட்டாமல் விட்டார். இதிலும் பழைய வீரனின் வீம்பு இருந்தது. புனிதர்கள் செய்ததைத் தாமும் செய்ய வேண்டும், அதைவிட அதிகமாகவும் செய்ய வேண்டும் என்ற போட்டி மனம் அது. துணி மாறியது, மனிதர் இன்னும் முழுவதும் மாறவில்லை.

சில மாதங்களில் ஒரு பயங்கரமான சோதனை வந்தது. தாம் செய்த பாவங்களை எல்லாம் சரியாகச் சொல்லவில்லையோ என்ற ஐயம் அவரை வாட்டியது. திரும்பத் திரும்பப் பாவசங்கீர்த்தனம் செய்தும் ஆறுதல் இல்லை. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமும் பலமுறை எழுந்தது. அது பாவம் என்று உணர்ந்து ஆண்டவரைக் கூவி அழைத்தார். கடவுள் இரங்கும்வரை உண்பதில்லை என்று ஒரு வாரம் பட்டினி கிடந்தார். ஞானத்தந்தை கட்டளையிட்டபின்பே உணவு கொண்டார்.

பட்டினியும் முழந்தாளும் செய்யாததைக் கடைசியில் அமைதியான சிந்தனை செய்தது. ஒரு பாவத்தின் நினைவு அடுத்த பாவத்தின் நினைவைக் கொண்டுவருவதையும், அந்தச் சங்கிலியின் முடிவில் புதிய வாழ்க்கைமேலேயே வெறுப்பு உண்டாகி, எல்லாவற்றையும் கைவிடும்படி மனம் தூண்டப்படுவதையும் அவர் கண்டார். பக்திபோலத் தொடங்கும் அந்த எண்ணம் முடியும் இடம் கடவுளிடம் அல்ல என்று தெளிந்தார். பழைய பாவங்களை இனி மீண்டும் சொல்வதில்லை என்று தீர்மானித்தார். அன்றுமுதல் விடுதலை கிடைத்தது. முடியையும் நகங்களையும் வெட்டிக்கொண்டார். கார்தொனேர் ஆற்றங்கரையில் அமர்ந்திருந்தபோது அவர் பெற்ற பேரொளியும், ஞானப் பயிற்சிகள் என்ற நூலுக்கான முதற் குறிப்புகளும் இந்த மன்றேசாக் காலத்துக்கு உரியவையே.

மூடப்பட்ட கதவு

வாழ்நாள் முழுவதும் எருசலேமில் தங்கி ஆன்மாக்களுக்குத் தொண்டு செய்வதே இப்போது அவருடைய ஆசை. 1523ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் அவர் அந்தப் புனித நகரை அடைந்தார். ஆனால் அங்கு பொறுப்பாயிருந்த பிரான்சிஸ்கு சபைத் தலைவர், ஆபத்தான அந்த நாட்டில் அவர் தங்குவதற்கு உத்தரவு கொடுக்கவில்லை. மூன்று வாரத்துக்குள் திரும்பவேண்டியதாயிற்று. ஆசைப்பட்ட ஒன்று கைகூடவில்லை. இனி என்ன செய்வது என்று திரும்பும் வழியெல்லாம் சிந்தித்தார். பிறருக்கு உதவ வேண்டுமானால் முதலில் கல்வி வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்.

பிள்ளைகளின் நடுவில்

1524ஆம் ஆண்டில் பார்சலோனா நகரில் அர்தெவோல் என்ற ஆசிரியரிடம் இலத்தீன் இலக்கணம் கற்கத் தொடங்கினார். அவருக்கு வயது முப்பத்து மூன்று. கோட்டையைக் காக்க நின்றவர், சிறுபிள்ளைகளுக்கு உரிய ஆரம்பப் பாடங்களை மனனம் செய்தார். இசபெல் றொசெர் என்ற சீமாட்டி அவருடைய தேவைகளுக்கு உதவினார்.

இங்கே ஒரு விசித்திரமான இடையூறு ஏற்பட்டது. வினைச்சொற்களை மனனம் செய்ய அமரும்போதெல்லாம் தெய்வீக காரியங்களைப் பற்றிய புதிய விளக்கங்களும் இனிய உணர்வுகளும் உள்ளத்தில் பொங்கின. பாடம் ஒன்றும் ஏறவில்லை. வேறொருவராயின் இதனைப் பெரும் வரம் என்று எண்ணிப் புத்தகத்தை மூடியிருப்பார். இஞ்ஞாசியாரோ தம்மைத்தாமே விசாரித்தார். செபிக்கும்போதும் திருப்பலியில் இருக்கும்போதும் இவ்வளவு தெளிவான எண்ணங்கள் வருவதில்லையே, பாடவேளையில் மட்டும் வருவது ஏன் என்று கேட்டுக்கொண்டார். கடமையில் இருந்து தம்மைப் பிரிக்கும் இந்த இனிமை சோதனையே என்று கண்டுகொண்டார்.

உடனே ஆசிரியரைக் கடலன்னை மரியாள் கோவிலுக்கு வரும்படி அழைத்து, நடந்ததை ஒளிக்காமல் கூறினார். உண்ண அப்பமும் குடிக்கத் தண்ணீரும் பார்சலோனாவில் கிடைக்கும்வரை, இந்த இரண்டு வருடங்களிலும் ஒரு பாடத்தையும் கவனிக்கத் தவறுவதில்லை என்று வாக்குக் கொடுத்தார். அதன்பின் அந்த இடையூறு வரவேயில்லை.

அவருடைய வாழ்வில் பீரங்கிக் குண்டின் கதையை எல்லோரும் அறிவர். இந்தச் சிறிய சம்பவம் அதற்குக் குறைந்ததல்ல. கெட்ட எண்ணத்தை அடையாளம் காண்பது இலகு. நல்லதுபோல் தோன்றி, அன்றைய கடமையைக் கெடுக்கும் எண்ணத்தை அடையாளம் காண்பதே கடினம்.

பாரிஸ் நகரில்

பின்பு அல்காலா, சலமான்கா என்ற நகரங்களில் படித்தார். கல்வி முடியாமலே ஆன்மீக போதனை செய்கிறார் என்ற சந்தேகத்தில் முதல் நகரில் 42 நாட்களும் அடுத்ததில் 22 நாட்களும் சிறையிலிருந்தார். போதனையில் பிழை காணப்படவில்லை. எனினும் இன்னும் படிக்க வேண்டும் என்று கட்டுப்பாடு விதித்தனர். அவர் மனம் உடையவில்லை. தனியே நடந்து, 1528ஆம் ஆண்டு பெப்ரவரி 2ஆம் நாள் பாரிஸ் நகரை அடைந்தார்.

அங்கே அடிப்படை போதாது என்று கண்டு மீண்டும் சிறுவர்களோடு இலத்தீன் வகுப்பில் அமர்ந்தார். கையிலிருந்த பணத்தை ஒரு தோழனிடம் கொடுத்துவைத்தார். அவன் அதைச் செலவழித்துவிட்டான். இஞ்ஞாசியார் ஏழைகள் விடுதியில் தங்கிப் பிச்சை எடுத்துப் படித்தார். பின்னொரு நாள் அதே தோழன் றூவான் நகரில் நோயுற்றுக் கிடக்கிறான் என்று கேள்விப்பட்டதும், உண்ணாமல் நடந்துபோய் அவனுக்கு உதவி செய்தார்.

1529இல் புனித பார்பரா கல்லூரியில் சேர்ந்தபோது, அறைத் தோழர்களாக இருவர் வாய்த்தனர். ஒருவர் சவோய் மலைநாட்டில் ஆடு மேய்த்து வளர்ந்த பீற்றர் பேபர். மற்றவர் நவார் நாட்டுப் பிரபு குலத்தவராகிய பிரான்சிஸ் சவேரியார். இருவரும் இஞ்ஞாசியாரைவிடப் பதினைந்து வயது இளையவர்கள். பேபர் அவருக்குத் தத்துவ பாடத்தில் உதவினார். அவர் பேபருக்குத் தம் உள்ளத்தை அறியும் வழியைக் கற்பித்தார். சவேரியாரின் மனம் மாறச் சில வருடங்கள் சென்றன. இஞ்ஞாசியார் பொறுமையோடு காத்திருந்தார்.

1534ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள், மொன்மார்த்ர் குன்றின் சிற்றாலயத்தில் ஏழு தோழர்கள் வாக்குத்தத்தம் கொடுத்தனர். எருசலேமுக்குப் போவது அவர்களின் எண்ணம். 1537இல் வெனிஸ் நகரில் இஞ்ஞாசியார் குருவாக அபிஷேகம் பெற்றார். துருக்கியரோடு மூண்ட போரினால் கப்பல் கிடைக்கவில்லை. கதவு இரண்டாம் முறையும் மூடப்பட்டது. அவர்கள் உரோமாபுரி சென்று பாப்பரசரிடம் தம்மை ஒப்படைத்தனர். 1540 செப்டெம்பர் 27ஆம் நாள் பாப்பரசர் மூன்றாம் பவுல் இயேசு சபையை அங்கீகரித்தார்.

அந்த வருடம் மார்ச் மாதத்திலேயே சவேரியார் கீழ்த்திசை நோக்கிப் புறப்பட்டுவிட்டார். முத்துக்குளித்துறைப் பரதவ மக்களிடையே அவர் செய்த பணியும், 1544இல் அவர் அனுப்பிய குருவானவரிடம் ஞானஸ்நானம் பெற்ற மன்னார் மக்கள் நூற்றுக்கணக்கில் வேதசாட்சிகளானதும் எமது வாசகர் அறிந்தவை. எமது கடற்கரை வரை வந்த அந்தத் தீ, பாரிஸ் கல்லூரியில் ஓர் அறையில் மூட்டப்பட்டது.

நாளுக்கு இரண்டு கோடுகள்

1541இல் தோழர்கள் அவரையே தலைவராகத் தெரிந்தனர். தாம் தகுதியற்றவர் என்று சொல்லி மறுபடி வாக்களிக்கச் செய்தார். மறுபடியும் அவர் பெயரே வந்தது. அதன்பின் பதினைந்து வருடங்கள் உரோமாபுரியில் சில சிறிய அறைகளில் இருந்தபடி ஆயிரக்கணக்கான கடிதங்கள் வாயிலாகச் சபையை நடத்தினார். பிள்ளைகளோடு இருந்து இலத்தீன் கற்றவர், 1551இல் உரோமாபுரியில் கட்டணமின்றிக் கற்பிக்கும் கல்லூரியைத் தொடங்கினார்.

1548இல் பாப்பரசரின் அங்கீகாரத்தோடு வெளிவந்த அவருடைய ஞானப் பயிற்சிகள் நூலில் ஆத்தும சோதனைக்கு ஓர் எளிய முறை உண்டு. திருத்த வேண்டிய குறை ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும். காலையில் எழுந்ததும் அதை நினைக்க வேண்டும். மதியமும் இரவும் எத்தனை முறை அதில் விழுந்தோம் என்று எண்ணிப் பார்க்க வேண்டும். வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு கோடுகள் வரைந்து, விழுந்த ஒவ்வொரு முறைக்கும் ஒரு புள்ளி இட வேண்டும். பின்பு மதியத்தை இரவோடும், இன்றை நேற்றோடும், இந்த வாரத்தைப் போன வாரத்தோடும் ஒப்பிட வேண்டும்.

நாள் முழுவதையும் சோதிக்கும் முறைக்கு ஐந்து படிகள் வகுத்தார். முதற்படி குற்றத்தைத் தேடுவது அல்ல, பெற்ற நன்மைகளுக்காகக் கடவுளுக்கு நன்றி கூறுவது. அதன்பின் ஒளி கேட்டல், நாளைத் திரும்பிப் பார்த்தல், மன்னிப்பு வேண்டல், நாளைய தினத்துக்காகத் தீர்மானித்தல் என்பன வரும். குற்ற உணர்வினால் சாவின் எல்லைவரை போன ஒருவர் நன்றியை முதலில் வைத்தது கவனிக்கத்தக்கது.

இந்தப் பழக்கம் அவரை எவ்வளவுக்கு மாற்றியது என்பதற்கு ஒரு சம்பவம் போதும். சபை குலைக்கப்பட்டாலும், கால் மணித்தியாலம் செபித்தால் தம் மன அமைதி திரும்பிவிடும் என்று அவர் கூறுவதுண்டு. 1555இல் தம்மோடு முரண்பட்டிருந்த கர்தினால் கரபா பாப்பரசராகத் தெரிவானார் என்ற செய்தி வந்தது. கேட்டதும் அவருடைய எலும்பெல்லாம் நடுங்கிற்று. ஒன்றும் பேசாமல் சிற்றாலயத்துக்குள் சென்றார். சிறிது நேரத்தில் மலர்ந்த முகத்தோடு திரும்பி வந்தார். நடுக்கம் வராத மனிதராக அவர் ஆகிவிடவில்லை. நடுங்கும் வேளையில் எங்கே போக வேண்டும் என்பதை அறிந்தவராக ஆனார்.

1556ஆம் ஆண்டு யூலை 31ஆம் நாள் அதிகாலை அவர் இறந்தபோது சபையில் ஏறக்குறைய ஆயிரம் பேர் இருந்தனர். 1622இல் அவரும் சவேரியாரும் ஒரே நாளில் புனிதராக உயர்த்தப்பட்டனர்.

எமது பிரதிக்கினைகள் தளர்ந்துபோனால், அவற்றை இன்னும் உரத்த குரலில் எடுப்பது பயன் தராது. அந்தப் பிரதிக்கினை எதற்காக எடுக்கப்பட்டது, அது எம்மை எங்கே கொண்டுபோகிறது, போனபின் உள்ளத்தில் எதை விட்டுச்செல்கிறது என்று பார்ப்பதே முதல் வேலை. இன்றிரவு படுக்கைக்குப் போகுமுன் ஒரு கால் மணித்தியாலம் ஒதுக்குவோம். பெற்ற நன்மைகளுக்கு நன்றி கூறுவோம். ஒரே ஒரு குறையைத் தெரிந்து, ஒரு கொப்பியில் இரண்டு கோடுகள் வரைவோம். முதல் வாரத்தில் புள்ளிகள் நிறையவே இருக்கும். அதற்காகக் கொப்பியை மூடிவிடாமல், அடுத்த வாரக் கோடுகளையும் வரைவோம்.